விதை போடாத கொடி: கண்டிச் சரிவொன்றில் மணி பிளான்ட் அகற்றிய அனுபவம்

இடமும் ஆட்களும்

2018 ஒக்டோபரிலிருந்து 2022 ஜனவரி வரை கண்டி நகர ஓரத்துச் சரிவொன்றில் நடந்தவை இவை. சம்பந்தப்பட்ட எவருடைய பெயரையும் எழுதவில்லை. ஒழுங்கையின் பெயரையும் விட்டிருக்கிறேன். நான் தமிழ்மொழிப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வீடு எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் தாயாருடையது. அறுபத்தைந்தைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற தாதி. பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். நாங்கள் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

வளவு குசினிக்குப் பின்னால் சட்டென்று சரிகிறது. இருபது படி இறங்கினால் உடுப்புத் தோய்க்கிற கல், அதற்கு மேல் தகரக் கூரை. அதற்கும் கீழே கிளிசரியா வேலி, வேலியில் மிளகுக்கொடி. வேலிக்கு அப்பாலும் கொஞ்ச நிலம் அம்மாவின் உறுதிக்குள் வரும்: இரண்டு பலா, சில கித்துள், தானாய் முளைத்த காட்டு மரங்கள். பிறகு எல்லைக்கல். கல்லுக்குக் கீழே அரச காடு, அடிவாரத்தில் ஓடை.

பின்னணி

மணி பிளான்ட் பசிபிக் சமுத்திரத்தில் சொசைட்டித் தீவுகளைச் சேர்ந்த மூரேயா என்ற சிறு தீவின் செடி. 1880-இல் 'போதோஸ் அவுரியஸ்' என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. பிறகு பேரினம் பல தடவை மாறி, இன்று 'எபிப்ரெம்னம் அவுரியம்'. ஆனாலும் உலகம் முழுவதும் பூக்கடைக்காரர் அதைப் போதோஸ் என்றே விற்கிறார்கள். அந்தப் 'போதோஸ்' சிங்களச் சொல். இலங்கைக் காட்டில் மரமேறும் ஒரு மெல்லிய கொடிக்குச் சிங்களத்தில் 'பொத்த' என்று பெயர். அதிலிருந்தே அந்தப் பேரினப் பெயர் உண்டானது. பெயர் இங்கிருந்து போனது, செடி அங்கிருந்து வந்தது. இதை விநோதத்துக்காகச் சொல்லவில்லை. இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு நாங்கள் விலை கொடுத்த இடம் கீழே வரும்.

கண்டிக்காரருக்கு இந்தக் கொடியின் வேலையைக் காண வெகுதூரம் போகத் தேவையில்லை. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தக்கலை 1856-இல் ஒதுக்கக் காடாகவும் 1938-இல் சரணாலயமாகவும் ஆனது. மொத்தம் 104 ஹெக்டேர். அதில் பல இடங்களை மணி பிளான்ட் மூடியிருக்கிறது. நிலத்தில் பாயாகவும் மரத்தில் போர்வையாகவும் படர்கிறது; பாயின் கீழ் நாற்று எழும்பாது. அதே காட்டில் குளத்தருகே 'புஸ்வெல' என்ற உள்நாட்டு இராட்சதக் கொடியும் இருக்கிறது. மலைப்பாம்பு போல முறுக்கிக் கிடக்கும் அதைப் பார்க்கவே சனம் வரும். அதற்கு அடியில் நாற்று முளைக்கிறது. கொடி என்றாலே காட்டுக்குக் கேடு என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாதென்பதற்காக வருடந்தோறும் அவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவேன்.

2018 ஒக்டோபர்: பலாக் கொப்பு

ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம் பலாவின் பெரிய கொப்பொன்று முறிந்து, தோய்க்கிற கல்லின் தகரக் கூரையை நசுக்கியது. அம்மா எனக்குத் தொலைபேசியில் கேட்டது கொடியைப் பற்றியல்ல.

"சேர், இந்தப் பலாவ வெட்டிப்போடணும். பெர்மிட் எடுக்கத் தெரிஞ்ச ஆள் யாரும் இருந்தா சொல்லுங்க."

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்தக் காணியிலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாதென்பது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். கடிதம் எழுதிக் கொடுக்கலாமென்று போய்ப் பார்த்தேன். விழுந்த கொப்பில் மரத்தை விடக் கொடிதான் அதிகம். மணிக்கட்டுத் தடிப்பில் தண்டு, முழங்கை நீளத்துக்கும் மேலான இலைகள், ஓரங்கள் விரல் விரலாய்க் கிழிந்தவை. மழையில் நனைந்த அந்தப் பாரம்தான் கொப்பை முறித்ததென்று எனக்குப் பட்டது. பலாவின் வைரத்தில் பழுது தெரியவில்லை.

அம்மா நம்பவில்லை. "அது காட்டுக்கொடி சேர். மணி பிளான்ட் இந்தா இருக்கே" என்று குசினி யன்னலிலிருந்த போத்தலைக் காட்டினார். போத்தலில் இருந்ததன் இலை உள்ளங்கை அளவு, மஞ்சள் தீற்றலோடு பளபளவென்று. இரண்டையும் ஒரே செடியென்று சொன்னால் யாரும்தான் சிரிப்பார்கள்.

நாங்கள் மேலே விவாதிக்காமல் பலாவின் அடிமரத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். உச்சியில் முழங்கை நீள இலை. ஆளுயரத்துக்கு இறங்கினால் அதில் பாதி. இடுப்பளவில் கை அகலம். நிலத்தில் படர்ந்த அதே தண்டில் போத்தலில் இருந்த அதே இலை, அதே மஞ்சள் தீற்றல். மரம் ஏற ஏறத்தான் இந்தக் கொடி முதிர்கிறது. ஏற மரம் கிடைக்காத வரை ஆயுள் முழுக்கக் குழந்தை இலையோடு இருக்கும். முதிர்ந்த இலை 1 மீற்றர் நீளமும் தண்டு 4 சென்ரிமீற்றர் தடிப்பும் வரை போகலாம். 20 மீற்றர் உயரம் ஏறும். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் அந்த முகத்தைப் பார்ப்பதேயில்லை.

எப்படி வந்ததென்று கேட்டபோது அம்மா ஒளிக்கவில்லை. மாமியார் காலத்தில் வாசலில் தொங்கவிட்ட சட்டிகள். நீண்டதை நறுக்கி வேலிக்கு மேலால் எறிவது வழக்கம். அது பழைய கதை. புதிய கதை 2017. நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான ஆண்டு அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைப் பார்த்தார். யன்னலோரத்து மணி பிளான்ட் போத்தல்களில் நுளம்புக் கூத்தம்பிகள் இருந்தன. அம்மா பயந்துபோய் ஐந்து போத்தல்களை அப்படியே வேலிக்கு அப்பால் வீசினார். தாதியாக இருந்தவருக்கு டெங்கு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று அவர் செய்தது சரியான பயம். நாங்கள் போனபோது அந்த ஐந்தில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். உடையாத போத்தலின் கழுத்தால் கொடி வெளியே வந்து, பக்கத்துக் கித்துளில் இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்தது.

2018 நவம்பர்: முதற் சிரமதானம்

பலாவை வெட்டாமல் கொடியை எடுத்துப் பார்ப்போம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். ஒரு சனிக்கிழமை 22 மாணவர்கள், நான்கு கவ்வாத்துக் கத்தி, இரண்டு மம்பட்டி, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். மதியத்துக்குள் வேலிக்கு அப்பாலிருந்த நிலம் வெறுமையாகக் கிடந்தது. படம் எடுத்தோம். அம்மா பலகாரம் தந்தார். எல்லோருக்கும் திருப்தி.

அன்று செய்த பிழைகளை வரிசையாக நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை என் முடிவுகள்.

மழைக்காலத்தில் போனோம். தவணை முடிவுக்கு முன் செய்துவிட வேண்டுமென்ற அவசரம் ஒன்றே காரணம்.

மரத்திலிருந்த கொடியைக் கீழே நின்று இழுத்தோம். ஒரு தடவை கொடியோடு காய்ந்த கொப்பும் வந்து, ஒரு பையனின் தோளுக்கு ஒரு சாண் அப்பால் விழுந்தது. அதோடு இழுப்பதை நிறுத்தினேன். முதலிலேயே விட்டிருக்கக் கூடாது.

கையுறை நான்கு சோடிதான் இருந்தது. இந்தக் கொடியின் சாற்றில் கல்சியம் ஒட்சலேற்று ஊசிப் பளிங்குகள் உண்டு, சேம்பு அரிப்பதும் அதனால்தான். இரண்டு பிள்ளைகளுக்குக் கை முழுக்கத் தடித்தது. படிப்பிக்கிறவனுக்கு இது பாடப்புத்தகத்திலேயே தெரிந்த விடயம்.

'போதோஸ் எல்லாவற்றையும் எடுங்கள்' என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு மாணவி அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடி, உண்மையான போதோஸான நம் ஊர்க் கொடியின் படத்தை எடுத்துக் கூட்டாளிகளுக்குக் காட்டியிருக்கிறாள். இலைக்காம்பு சிறகுபோல அகன்று, பார்க்க ஓர் இலையின் நுனியில் இன்னோர் இலை ஒட்டியதுபோல இருக்கும் மெல்லிய கொடி அது. கீழ்ப்பக்கத்து மூன்று மரங்களில் அதைச் சுத்தமாக உரித்துவிட்டார்கள். பிள்ளைகளில் பிழையில்லை.

கடைசிப் பிழை பெரியது. சாக்கில் அடைய வேண்டுமென்று கொடியை ஒரு சாண், இரண்டு சாண் துண்டுகளாக நறுக்கினோம். 14 சாக்கு நிறைந்தும் மிச்சம் கிடந்தது. குப்பை வண்டி அத்தனை சாக்கையும் ஏற்ற மறுத்தது. இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மிச்சத்தை எல்லைக்கல்லுக்குக் கீழே, ஓடைக் கரையில் குவித்துவிடச் சொன்னேன். 'எப்படியும் உக்கிவிடும்' என்று சொன்னதும் ஞாபகம்.

2019 ஜனவரி: கண்டவை

தைப்பொங்கல் விடுமுறையில் ஐந்து மாணவர்களோடு திரும்பிப் போனேன். வேலிக்கு அப்பாலிருந்த நிலம் மீண்டும் பச்சை. ஓடைக் கரைக் குவியலில் உக்கலே இல்லை. குவியலே ஒரு பற்றையாகி, பக்கத்து மரத்தில் கால் வைத்திருந்தது. கொட்டிலில் இருட்டில் கிடந்த சாக்கொன்றின் இழைகளுக்கிடையால் வெள்ளைத் தளிர் ஒன்று ஒரு சாண் நீட்டியிருந்தது. இரண்டரை மாதம், மண்ணில்லை, வெளிச்சமில்லை, தண்ணீரில்லை.

ஓடையைப் பிடித்துக்கொண்டு தெருவோர மதகு வரை இறங்கினோம். வழியில் மூன்று இடங்களில் மணல் திட்டில் வேர்விட்ட துண்டுகள். ஒரு மாணவன் ஒன்றைப் பிடுங்கி என் கையில் தந்தான். ஒரு சாண் நீளம். இரண்டு முனையும் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தன. கொடி தானாக முறிந்தால் முனை நாராய்க் கிழிந்திருக்கும். இவை எங்கள் துண்டுகள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மூன்று ஆண்டு வேலையையும் தீர்மானித்தது அந்த நேரான முனைதான்.

காரணம் இதுதான். மணி பிளான்ட் பூப்பதில்லை. 1964-க்குப் பிறகு அது இயல்பாகப் பூத்ததாகப் பதிவில்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தைச் சொன்னது: பூப்பதற்குத் தேவையான ஜிபரலின் என்ற வளர்ச்சி ஓமோனைப் போதிய அளவு உண்டாக்க அதற்கு முடியாது, வெளியிலிருந்து அதைத் தெளித்தபோது பூத்தது. பூவில்லை என்றால் விதையில்லை. பறவை கொண்டுபோகாது, வௌவால் கொண்டுபோகாது, காற்றும் கொண்டுபோகாது. தாய்த்தீவுக்கு வெளியே உலகத்தில் எந்தக் காட்டில் இது நின்றாலும், யாரோ ஒருவர் ஒரு துண்டைக் கையால் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார், அல்லது போட்ட துண்டை வெள்ளம் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் வேர் அரும்பு தயாராக இருக்கிறது. அம்மாவின் மாமியார் வருடக் கணக்காக எறிந்ததை விட அதிகமான கணுக்களை நாங்கள் ஒரே பின்னேரத்தில் ஓடையில் சேர்த்திருந்தோம்.

தெரிவுகள்

பெப்ரவரி தொடக்கத்தில் அம்மாவின் விறாந்தையில் உட்கார்ந்து பேசினோம்.

களைநாசினி அடிக்கலாம் என்றார் ஒரு பெற்றார். கிளைபோசேற்று 2015-இல் நாட்டில் தடைசெய்யப்பட்டு, 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு அது சட்டப்படி இல்லை. இருந்தாலும் அடித்திருக்க மாட்டோம்; கீழே ஓடை, ஓடைத் தண்ணீரில் குளிக்கிற வீடுகள், மெழுகு பூசியதுபோன்ற இலையில் மருந்து நிற்பதும் சந்தேகம்.

விட்டுவிடலாம் என்பதும் ஒரு தெரிவு. அம்மாவே அதைக் கேட்டார்: "பச்சையாத்தானே இருக்கு சேர், அதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" பச்சை என்பதற்குப் பதிலாக அவரைப் பாயின் மேல் நிற்க வைத்து, காலடியில் ஒரு கை அகலத்தை விலக்கிக் காட்டினேன். வெறும் சருகு, மண்புழு, பழைய பலாக்கொட்டைக் கோது. பலா அத்தனை பழம் கொட்டிய இடத்தில் ஒரு பலாக்கன்று இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இந்தப் பலா போனா அடுத்தது இல்ல" என்றார். நான் சொல்ல நினைத்ததைவிடச் சுருக்கமாக அதைச் சொன்னவர் அவர்தான்.

ஒரேயடியாக உரிப்பதற்கும் தடை இருந்தது. சரிவு செங்குத்து. கொடிப்பாய் கெட்டதென்றாலும் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. மழைக்கு முன் முழுவதையும் எடுத்தால் மண் ஓடைக்குப் போகும். கண்டியில் மண்சரிவைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே பட்டி பட்டியாகப் பிரித்து, ஒரு பட்டியை எடுத்து அடுத்ததை விட்டு, எடுத்த இடத்தில் நாற்று எழும்பிய பிறகு மற்றதை எடுப்பது என்று முடிவு செய்தோம். விட்ட பட்டியிலிருந்து கொடி திரும்பி வரும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

எல்லைக்கல்லுக்குக் கீழே நாங்கள் குவித்ததை எடுக்கவும் அனுமதி வேண்டும். உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். நாங்கள்தான் போட்டோம் என்பதையும் எழுதினோம். கையால், இந்த ஒரு செடியை மட்டும் என்ற நிபந்தனையோடு பதில் வந்தது.

2019 பெப்ரவரி, மார்ச்: இரண்டாம் முறை

கண்டியில் மழை குறைந்த மாதங்கள் இவை. இம்முறை 6 பேர் மட்டும், எல்லோருக்கும் கையுறை. முதல் நாள் கத்தியே எடுக்கவில்லை. எது மணி பிளான்ட், எது மிளகு, எது நம் ஊர்ப் போதோஸ் என்று பார்த்து, உள்ளூர்க் கொடியுள்ள மரங்களில் சிவப்பு நூல் கட்டினோம்.

மரத்திலுள்ள கொடியை இழுக்கவில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு, நெஞ்சுயரத்தில் ஒரு வெட்டு, இடையிலுள்ளதை மட்டும் மரப்பட்டை நோகாமல் உரித்தெடுத்தோம். 11 மரங்கள். மேலே உள்ளது மேலேயே காயட்டும். நிலத்துப் பாயை நறுக்காமல், நீளத்துக்கு நீளம் சுருட்டினோம், பாய் சுருட்டுவதைப் போலவே. சுருளைத் தூக்கிய பிறகு ஒருவர் குந்தியிருந்து முறிந்த கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். அலுப்பான வேலை. ஒரு நாளைக்கு ஒரு பட்டி முடிந்தால் பெரிது.

எடுத்ததை எங்கே போடுவது? நசுங்கிய பழைய கூரைத் தகரத்தைக் கற்களின் மேல் தூக்கி வைத்து, அதன் மேல் சுருள்களைப் பரப்பினோம். மண்ணைத் தொடக் கூடாது என்பதே விதி. மார்ச் வெயிலில் சூடேறிய தகரத்தில் இலை இரண்டு நாளில் வாடியது. தண்டு காய ஐந்து வாரம் எடுத்தது. விரலால் ஒடித்தால் 'டக்' என்று முறியும் வரை அம்மா எதையும் குப்பைக்கு விடவில்லை.

இடையில் நின்ற மாதங்கள்

ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாடசாலை பிந்தித்தான் தொடங்கியது. தொடங்கிய பிறகும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் யோசனையை நானே எடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை பார்ப்பதாகப் போட்ட திட்டம் செப்டெம்பர் வரை நின்றது.

செப்டெம்பரில் போனபோது 11 மரத்தில் 9-இல் உச்சிக் கொடி பழுப்பாகிச் சருகாய்த் தொங்கியது. மிச்ச இரண்டில் ஒன்று அந்தப் பலா. அதன் கவட்டில் பாசியும் உக்கிய சருகும் தேங்கியிருந்தன. கொடி அதில் வேர்விட்டு, நிலத்தோடு தொடர்பில்லாமலே பச்சையாக இருந்தது. அங்கிருந்து சணல் கயிறு போல வேர்களைத் தொங்கவிட்டு மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்று தரைக்கு ஒரு முழம்தான் மிச்சம்.

எடுத்த பட்டிகளில் கெந்த மரக் கன்றுகளும் கித்துள் நாற்றுகளும் வந்திருந்தன. கித்துள் மரநாயின் உபயம். வெளிச்சம் கிடைத்த இடத்தில் மிக்கானியாக் கொடியும் புகுந்திருந்தது. ஒரு வந்தேறியை எடுத்த இடத்தில் இன்னொன்று. அது விதை போடுகிற வந்தேறி, அதனோடு கணக்கு வேறு.

பிறகு 2020 மார்ச் 20, ஊரடங்கு. நான் என் வீட்டில் அடைபட்டேன், மாணவர்கள் அவரவர் வீட்டில். அம்மாவுக்கோ காடு குசினிக்குப் பின்னால் இருபது படி. உடுப்புத் தோய்க்கப் போகும்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வேலிக்கு அப்பால் போய்க் கண்ணில் படுகிற தளிரைக் கிள்ளி, முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து தகரத்தில் பரப்புவாராம். பலாவிலிருந்து தொங்கிய வேர்களைக் கைக்கெட்டியவரை நறுக்கியிருக்கிறார். தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று நினைத்தேன்.

என்ன ஆனது

ஓகஸ்டில் போய்ப் பார்த்தபோது இரண்டு இடமும் இரண்டு விதமாக இருந்தன.

ஓடைக் கரை நாங்கள் ஆறு பேர் கவனமாக வேலை செய்த இடம். ஆனால் இறங்க வழி கரடு, அம்மாவால் போக முடியாது. ஒரு வருடமாக எவரும் காலடி வைக்காத அங்கே கொடி முக்கால்வாசி திரும்பியிருந்தது. வேலிக்கு அப்பாலான மேல் நிலத்தில் மணி பிளான்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. விட்டு வைத்திருந்த பட்டிகளையும் அம்மா ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றிருந்தார். மண் ஓடவில்லை, ஏனென்றால் அவர் எடுத்த வேகத்துக்குள் நாற்று வந்துவிட்டது. நாங்கள் விறாந்தையில் இருந்து வரைந்த பட்டித் திட்டத்தை விட அது நேர்த்தியாக நடந்திருந்தது.

22 பேர் அரை நாள் செய்தது கெடுத்தது. 6 பேர் இரண்டு மாதம் செய்தது பாதி நின்றது. ஒருவர் தினமும் பத்து நிமிடம் செய்தது நிலைத்தது. சிரமதானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மதகு கட்ட, பாதை வெட்ட அது போதும். வெட்டிய மறுநாளே திரும்பி வளரும் செடியிடம் ஒரு நாள் கூட்டம் எடுபடாது. அதற்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒருவர் வேண்டும்.

2021-இல் ஓடைக் கரையை மீண்டும் எடுத்தோம். இம்முறை ஓடைக்கு அப்பால் குடியிருக்கும், ஓடையிலேயே தினமும் குளிக்கிற ஒரு குடும்பத்திடம் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர்கள் சிங்களக் குடும்பம். 'பொத்த' எது, மணி பிளான்ட் எது என்று எங்களுக்குத்தான் அவர்கள் திருத்திச் சொன்னார்கள். 2022 ஜனவரி வரை அங்கே கொடி மரமேறவில்லை. மதகுக்குக் கீழே என்ன போயிருக்கிறது என்பதற்கு எங்களிடம் கணக்கில்லை. போனது எங்கள் துண்டுகள்.

பலா நிற்கிறது. கவட்டிலுள்ள கொடி இன்னும் பச்சைதான். மரமேறும் ஆளை வைத்து எடுக்கலாமா என்று யோசித்து, காய்ந்த கொப்புகளுக்குப் பயந்து விட்டுவிட்டோம். தொங்கும் வேரை நறுக்கிக்கொண்டே இருப்பது ஒப்பந்தம்.

ஒழுங்கை

மேலேயுள்ள வீடுகளிலிருந்து துண்டுகள் வருவது நிற்காவிட்டால் இதெல்லாம் வீண் என்று 2020 கடைசியில் வீடு வீடாகப் போனோம். நான் போன வீடுகளில் மரியாதையாகக் கேட்டார்கள், ஒன்றும் மாறவில்லை. பாதி வீட்டில் மணி பிளான்ட் காசு கொண்டுவரும், அதுவும் அடுத்த வீட்டில் களவாய்க் கிள்ளியதென்றால் இன்னும் அதிகமாய்க் கொண்டுவரும் என்ற நம்பிக்கை. காசு கொண்டுவருவதைக் குப்பையில் போட மனம் வராது. வேலிக்கு அப்பால் காட்டில் விட்டால் அது 'பிழைத்துக்கொள்ளும்'. இரக்கத்தோடு எறிகிறார்கள். இதற்கு என்ன விளக்கக் கூட்டம் வைப்பது?

அம்மா வேறு மாதிரிச் செய்தார். செடியை வளர்க்க வேண்டாமென்று யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய குசினி யன்னலிலும் ஒரு போத்தல் இன்னும் இருக்கிறது, தண்ணீருக்குப் பதிலாக மண் போட்டு. "எறியிறதா இருந்தா எங்கிட்டத் தாங்க, நான் காய வச்சுப் போடுறேன்" என்று மட்டும் சொன்னார். ஆறேழு வீடுகள் கொண்டுவந்து கொடுக்கின்றன.

மாற்றிச் செய்யக்கூடியவை

மீண்டும் செய்வதாக இருந்தால் மாசிக்கு முன் கத்தி எடுக்க மாட்டேன். நறுக்க மாட்டேன். எடுத்ததைக் காய வைக்க இடம் தயாராகாமல் ஒரு கொடியையும் தொட மாட்டேன். எங்கள் முதல் நாள் அந்த இடத்தில்தான் கெட்டது. ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் ஒரு படம் எடுத்திருந்தால் 'முக்கால்வாசி' என்று கண்மதிப்பில் எழுத வேண்டியிருக்காது.

பெரிய மாற்றம் ஒன்று. மரத்தைப் பார்க்க முன் வீடுகளைப் பார்ப்பேன். யார் எந்த வேலிக்கு மேலால் எறிகிறார், அந்த இடத்துக்கு யார் தினமும் போய்வருகிறார் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்காத சரிவில் தொடங்கவே மாட்டேன். மிக்கானியாவுக்கு இந்த முறை சரிவராது. அதற்கு நாங்கள் இன்னும் வழி காணவில்லை.

2022 ஜனவரியில் கடைசியாகப் போனபோது தகரத்தில் புதிதாய் ஒரு குவியல் கிடந்தது. காட்டுக் கொடியல்ல, யாரோ வீட்டுப் பூச்சாடியில் வளர்ந்தது. சிறிய இலை, மஞ்சள் தீற்றல். குசினிப் பீலி சொட்டுகிற ஓரத்தில் இருந்த துண்டொன்று மட்டும் வாடாமல், சுருள் அவிழாத ஒரு தளிரை நீட்டியிருந்தது. அம்மா அதை விரலால் தூக்கி நடுத் தகரத்தில், வெயில் விழுகிற பக்கமாகப் போட்டார்.